கல்லூரி ஃபுட்பால் சாம்பியன் யார்? நீங்கள் மாட்டிக்கொண்ட வாக்குவாதங்களை எழுதுங்கள்

திரி தொடங்கியவர், டல்லஹாசி

அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சனிக்கிழமை ஆனால் ஊரே ஒரே நிறச் சட்டையில் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.) "இந்த வருஷம் யார் சாம்பியன்" என்ற சண்டையில் சிக்கிய கதை இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. சக ஊழியர் ஒருவர் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப்புக்கு எந்த நான்கு அணிகள் என்று தேர்வுக் கமிட்டி அறிவிக்கும் நாள். எங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்திருந்தது. முந்தின இரவுதான் லூயிவில்லை 16-6 என்று தோற்கடித்து மாநாட்டுப் பட்டத்தையும் (மாநாடு என்றால் கான்ஃபரன்ஸ், பல கல்லூரி அணிகள் சேர்ந்த லீக்) வாங்கியிருந்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ் என்று மூன்று பெயர் வந்தது. நான்காவதாக அலபாமா. அவர்கள் ஒரு ஆட்டம் தோற்றவர்கள்.

கமிட்டி சொன்ன காரணம்: ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரரான குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் அடிபட்டு வெளியேறிவிட்டார், இது இனி பழைய அணி இல்லை. வீட்டுக்காரர் எழுந்து நின்று, "தோற்கவே இல்லையே, இதுக்கு மேல என்னதான் செய்யணும்?" என்று கத்தினார். அவருடைய மாமனார் அலபாமாக்காரர், அங்கேயே சோபாவில் இருந்தார். அவர் நிதானமாக, "நாளைக்கே ரெண்டு பேரும் மோதினா யார் மேல பணம் கட்டுவே?" என்றார். அதன்பிறகு சாப்பாடு முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு அன்றுதான் புரிந்தது, மருமகனும் மாமனாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. ஒருவர் செய்து முடித்ததைக் கணக்குப் பார்க்கிறார், இன்னொருவர் இனி நடக்கப்போவதை. கமிட்டியின் விதிமுறை இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது, சிக்கலே அங்கேதான். பிறகு ஆரஞ்ச் பௌல் என்ற சீசன் இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கினோம். "பார்த்தாயா" என்றார்கள் ஒரு தரப்பு. பாதி வீரர்கள் ஆட மறுத்து விலகிய ஆட்டத்தை வைத்து என்ன நிரூபணம் என்றார்கள் மறு தரப்பு.

முன்னாள் ஆர்லாண்டோ மாணவர்

உங்களுக்காவது ஐந்தாவது இடம் கிடைத்தது. 2017-இல் எங்கள் சென்ட்ரல் ஃப்ளோரிடா தோல்வியே இல்லாமல் வந்தும் கமிட்டி 12-ஆவது இடத்தில்தான் வைத்தது. சிறிய மாநாடு, பலவீனமான எதிரணிகள் என்றார்கள். பீச் பௌலில் ஆபர்னை 34-27 என்று அடித்தோம். அந்த ஆபர்ன் அதே சீசனில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் தோற்கடித்திருந்தது. இறுதியாட்டம் ஆடிய இரண்டு அணிகளும் அவைதான்!

எங்கள் கல்லூரி தானே சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டது, டிஸ்னியில் ஊர்வலமே நடந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அட்லாண்டா விமான நிலையத்தில் நின்றபோது ஒரு ஜார்ஜியா ரசிகர் "இந்தப் பட்டம் எந்தக் கடையில் விற்கிறது?" என்று கேட்டார். வெஸ் கோலி என்பவரின் கணினித் தரவரிசை எங்களைத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் பதிவேட்டிலும் அது ஏறியிருக்கிறது என்றேன். சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை.

மிசௌரிக்காரர்

கமிட்டி இல்லாத காலம் மட்டும் என்ன வாழ்ந்தது? மிசௌரியின் கொலம்பியா ஊரில் எனக்கு வாடகைக்கு வீடு விட்டவர் 1990 அக்டோபர் 6 அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர். பந்தை முன்னே நகர்த்த ஒரு அணிக்குத் தொடர்ந்து நான்கு முயற்சிதான். அன்று கடைசி நொடிகளில் நடுவர்கள் எண்ணிக்கை தவறி எங்கள் மிசௌரியோடு மோதிய கொலராடோவுக்கு ஐந்தாவது முயற்சி கொடுத்துவிட்டார்கள். அதில்தான் கோடு தாண்டி 33-31 என்று ஜெயித்தார்கள். முடிவு அப்படியே நின்றது. வாடகை கொடுக்கப் போனாலும் விரல் விட்டு ஐந்தையும் எண்ணிக் காட்டாமல் விடமாட்டார்.

அந்தச் சீசன் முடிவில் ஏ.பி. செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பு கொலராடோவை சாம்பியன் ஆக்கியது. பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பு ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜார்ஜியா டெக்கை. நாட்டுக்கு இரண்டு சாம்பியன். அடுத்த ஆண்டும் இதே கதை, மயாமியும் வாஷிங்டனும்.

கொலம்பஸ் வாசி

எங்கள் அலுவலகத்தில் மிச்சிகன் ரசிகர் ஒருவர் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. அந்த மிச்சிகன், இந்த வெற்றியையும் சேர்த்தே 7 வெற்றி, 5 தோல்வி என்ற சுமாரான அணி. திங்கட்கிழமை அவர் ஒயிட்போர்டு மூலையில் 13-10 என்று எழுதி "அழிக்காதீர்கள்" என்று போட்டார்.

அந்த ஆண்டுதான் பிளேஆஃப் 12 அணி ஆனது. பழைய முறையில் அந்தத் தோல்வியோடு எங்கள் கதை முடிந்திருக்கலாம். இப்போது டென்னஸி, ஆரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக வென்று ஜனவரியில் பட்டம் வாங்கிவிட்டோம். அதுவரை தோற்காத ஆரிகனை 41-21. நான்கு வலுவான அணிகளை வென்றவனைச் சாம்பியன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? மிச்சிகன்காரர் வந்து கை கொடுத்தார், "நாங்க தோற்கடிச்ச சாம்பியனுக்கு வாழ்த்துகள்" என்று. அந்த 13-10 இன்னும் போர்டில் இருக்கிறது.

புள்ளியியல் பித்தன்

130-க்கும் மேற்பட்ட அணிகள், ஆளுக்கு 12 லீக் ஆட்டம். பெரும்பாலான ஜோடிகள் மோதவே போவதில்லை. யாராவது ஊகித்துத்தான் ஆகவேண்டும். கணினியிடம் கொடுத்தும் பார்த்தார்கள். 2003-இல் ஓக்லஹோமா மாநாட்டு இறுதியில் 35-7 என்று உதை வாங்கியும், வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கையும் கலந்து இறுதியாட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்த பி.சி.எஸ். பட்டியலில் முதலிடத்திலேயே இருந்தது. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் முதலிடம் கொடுத்த தென் கலிஃபோர்னியா இறுதியாட்டத்துக்கு வெளியே. கடைசியில் இறுதியாட்டத்தில் வென்ற எல்.எஸ்.யூ.வுக்கு (லூசியானா ஸ்டேட்) ஒரு பட்டம், தென் கலிஃபோர்னியாவுக்கு ஏ.பி. பட்டம். எங்கள் துறையில் அப்போது இருந்த ஓக்லஹோமா மாணவனிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

என் கருத்து: ஐ.பி.எல்.-இல் நெட் ரன் ரேட்டை எவ்வளவு திட்டினாலும், என்ன செய்தால் உள்ளே போகலாம் என்று முதல் பந்துக்கு முன்பே தெரியும். "இதுக்கு மேல என்ன செய்யணும்" என்ற அந்த வீட்டுக்காரரின் கேள்விக்கு 13 பேர் கமிட்டியிடம் பதில் இல்லை. அநியாயம் அதுதான், அலபாமா உள்ளே போனது அல்ல. 2024-இல் வந்த 12 அணி முறையில், தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து மாநாட்டுச் சாம்பியன்களுக்கு நேரடி இடம் என்று எழுதி வைத்ததை அதனால்தான் வரவேற்கிறேன்.

கொலம்பஸ் வாசி

எழுதி வைத்ததுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா? முதல் ஆண்டில் மாநாட்டுச் சாம்பியன்கள் நான்கு பேருக்கு முதல் சுற்று ஓய்வு என்பது விதி. தரவரிசையில் 9-இல் இருந்த பாய்சி ஸ்டேட்டுக்கும் 12-இல் இருந்த அரிசோனா ஸ்டேட்டுக்கும் அது போனது. விதி எல்லோருக்கும் முன்பே தெரியும், ஆனாலும் ஊரெல்லாம் கூச்சல். ஓய்வெடுத்த நான்கு அணிகளும் அடுத்த சுற்றிலேயே தோற்றன. 2025-இல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது ஓய்வு, பட்டியலின் முதல் நான்கு அணிகளுக்கு. பட்டியல் போடுவது அதே கமிட்டி.