அக்டோபரில் நான்கு நாள் கிராவல் பயணம்: காடும் சதுப்பும் உண்டு, கார் கூடாது. எங்கே போகலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பாரிஸின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளுக்கான சைக்கிள்) ஓட்டி வருகிறேன். அக்டோபர் நடுவில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. காடும் சதுப்பும் அருகருகே இருக்கும் நாட்டுப்புறத்தில், கார்களின் இரைச்சல் இல்லாத சரளைப் பாதைகளில், நாளொன்றுக்கு 50 முதல் 60 கி.மீ. வரை நிதானமாகப் போக விரும்புகிறேன். டயர் 40 மி.மீ. அகலம், பின்புறம் இரண்டு சிறிய பைகள் மட்டும்.

இவ்வளவு யோசித்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடந்த வசந்த காலத்தில் லுவார் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள சொலோஞ் பகுதிக்குச் சென்றிருந்தேன். வரைபடத்தில் இடைவிட்ட கோடாகக் காட்டப்பட்டிருந்த ஒரு காட்டுப் பாதையை நம்பி அரை மணி நேரம் உள்ளே போன பிறகு, பாதையின் குறுக்கே ஓர் இரும்புக் கதவு நின்றது. இரு பக்கமும் என் தலைக்கு மேல் உயர்ந்த கம்பிவேலி. கதவுக்கு அப்பால் அதே பாதை ஓக் மரங்களுக்கிடையே நேராக நீண்டு போவது நன்றாகத் தெரிந்தது. சங்கிலியில் தொங்கிய பூட்டில் துருகூட ஏறியிருக்கவில்லை. வந்த வழியே திரும்பி, மிச்சத் தூரத்தை மரம் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் ஓட்டி முடித்தேன்.

இம்முறை பிரான்சின் தென்மேற்கிலுள்ள லாந்த் பைன் காடு, நடுப்பகுதியிலுள்ள பிரென் குளங்கள், மேற்கிலுள்ள மரே புவாத்வன் சதுப்பு ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி 1

நீங்கள் பார்த்த பூட்டு அப்பகுதியில் அரிதான காட்சியன்று. பிரான்சின் காடுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தனியாருக்குச் சொந்தமானது. சொலோஞில் வேட்டைக்காகவே வைத்திருக்கும் பெருந்தோட்டங்கள் ஏராளம். வேலிகள் 1.20 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, விலங்குகள் கடந்து செல்ல அடியில் 30 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் சட்டம் வந்தது. ஆனால் அதே சட்டம், எல்லை தெளிவாகக் குறிக்கப்பட்ட தனியார் காட்டுக்குள் நுழைவதை 135 யூரோ அபராதத்துக்குரிய குற்றமாகவும் ஆக்கிவிட்டது. காட்டுப்பன்றிக்குத் திறந்த வழி நமக்கு அடைபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கார் வருமா என்று பார்ப்பதற்கு முன், பாதை யாருடையது என்று பாருங்கள். அரசுக் காடுகளில் கார்களைத் தடுக்கும் மரத்தடுப்பு இருந்தாலும், தடைப் பலகை ஏதும் இல்லையென்றால் காட்டுச் சாலைகளில் சைக்கிள் போகலாம். கால்வாய்க் கரைப் பாதைகளும் அப்படித்தான்.

நீங்கள் சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு, வடமேற்குப் பிரான்சிலுள்ள நாந்த் - பிரெஸ்ட் கால்வாயின் கிழக்குப் பகுதியைப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலேயக் கடற்படை துறைமுகங்களை மறித்து நின்ற காலத்தில், கடலைத் தொடாமல் பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோக நெப்போலியன் திட்டமிட்ட கால்வாய் இது. 1811-இல் வேலை தொடங்கி, 1842-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மொத்தம் 364 கி.மீ. குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்ற கரைப்பாதைதான் இன்று நமக்குச் சரளைப் பாதை.

ரெடோன் நகருக்கு ரயிலில் போய் இறங்குங்கள். அதிவேக ரயிலில் போவதானால் சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். அங்கே கால்வாய் விலேன் ஆற்றைக் கடக்கிறது. சுற்றிலும் குளிர்காலத்தில் வெள்ளம் ஏறும் ஈரப் புல்வெளிகள். கிழக்கே திரும்பினால் கால்வாய் இசாக் என்ற சிற்றாற்றின் வளைவுகளிலேயே போவதால், நேர்க்கோட்டில் வெட்டிய கால்வாய்களின் சலிப்பு இங்கே இல்லை. பிளன் ஊரை அடைந்ததும் வடக்கே காவ்ர் அரசுக் காடு, சுமார் 4,500 ஹெக்டேர். அதன் நடுவிலுள்ள வட்டச் சந்திப்பிலிருந்து பத்துப் பாதைகள் விண்மீன் கதிர்களைப் போல் பிரிகின்றன. சில தார்ச் சாலைகள், மற்றவை சரளை. அந்தக் காட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: கால்வாய் எர்த்ர் ஆற்றில் கலந்த பிறகு கரைப்பாதை முடிந்துவிடும், நாந்த் வரையுள்ள மீதித் தூரம் சாலைதான். நோர்-சுர்-எர்த்ர் ஊரிலிருந்து 2014 முதல் நாந்துக்கு டிராம்-ரயில் ஓடுகிறது. அதில் ஏறிவிடுங்கள், அந்தக் கடைசிப் பகுதியைச் சைக்கிளில் முடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

மறுமொழி 2

மேலே சொன்ன யோசனை நல்லதுதான், ஆனால் மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. காடும் சதுப்பும் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது மழைக் கணக்கு.

லாந்த் காடு முழுக்க மணல். ஒரு காலத்தில் அதுவும் ஈரநிலமே. மேய்ப்பர்கள் பொய்க்கால்களில் நின்று ஆடு மேய்த்த பூமி. 1857 சட்டத்துக்குப் பிறகுதான் நீரை வடித்துப் பைன் மரங்களை நட்டார்கள். அங்கே தீத்தடுப்புப் பாதைகள் மைல் கணக்கில் ஆளரவமின்றி நேராகப் போகும், காரும் வராது. ஆயினும் கோடை முடிவில் காய்ந்த மணலில் 40 மி.மீ. டயர் புதைந்து, முன்சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும். மழை பெய்த மறுநாள் அதே மணல் இறுகிக்கொள்ளும். 2022 ஜூலையில் லாந்திராஸிலும் லா தெஸ்திலும் பற்றிய இரு தீயில் 20,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. தீ அபாயம் மிகுந்த நாள்களில் காட்டுக்குள் நுழையவே தடை விதிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மரே புவாத்வன் இதற்கு நேர் எதிர். அங்கே இருப்பது கடல் விட்டுச்சென்ற நீலச்சாம்பல் களிமண்; உள்ளூரில் அதை 'பிரி' என்பார்கள். வெயிலில் அது சிமெண்ட் போல் கெட்டியாகும், மழையில் பசையாகும். ஒரு நவம்பரில், வாய்க்கால் ஓரத்தில் கிளை வெட்டிய ஆஷ் மரங்கள் வரிசையாக நின்ற அழகைப் பார்த்துக்கொண்டே புல்பாதை ஒன்றில் இறங்கினேன். இருநூறு மீட்டர் போவதற்குள் மண் டயரில் சுற்றி, பின்கவட்டில் அடைத்து, சக்கரம் நின்றேவிட்டது. ஒரு சுள்ளியால் சுரண்டி எடுத்தால் பத்தடியில் மீண்டும் நிற்கும். சைக்கிளைத் தோளில் சுமந்து பாதையின் முடிவுக்கு வந்தபோது, எதிரே பாலமில்லாத வாய்க்கால். அந்தச் சதுப்பில் பாதைகள் பல வயலுக்கும் படகுத்துறைக்கும் போவதற்காக ஏற்பட்டவை. அடுத்த ஊருக்குப் போவதற்காக அல்ல. வரைபடத்தில் நீலக் கோடுகளையும் கவனியுங்கள் என்பது அன்று நான் கற்றது.

எனவே புறப்படும் வாரம் வறண்டிருந்தால் சதுப்பு, நனைந்திருந்தால் லாந்த். கால்வாய்க் கரை இரண்டுக்கும் பொதுவானது, ஏனெனில் பெரும்பாலும் கெட்டிப்படுத்திய பரப்பு. ஆனால் அதில் கிளம்பும் வெண்ணிறக் குழம்பு செயினைத் தின்றுவிடும். ஒரு துணியும் சிறு எண்ணெய்க் குப்பியும் எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3

அக்டோபர் என்பதால் வேட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொது வேட்டைப் பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி முடிவுவரை நீள்கிறது. அரசுக் காடுகளிலும் வேட்டை உண்டு. உரிமை ஏலத்தில் போகிறது. பாதை முகப்பில் 'ஷாஸ் ஆன் கூர்', அதாவது வேட்டை நடக்கிறது என்ற பலகை கண்டால், அது அரசுக் காடானாலும் திரும்பிவிடுங்கள். வேட்டை நாள்களை முன்கூட்டியே ஊரின் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். காவ்ர் காட்டை வாரநாளில் வைத்து, ஞாயிறன்று கால்வாய்க் கரையில் இருப்பது என் வழக்கம்.

ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். இன்னொன்றும் உண்டு: விரட்டப்பட்ட மான் சைக்கிளுக்காக நிற்காது. ஒரு முறை எனக்கு முன் ஐந்து மீட்டரில் மூன்று மான்கள் அடுத்தடுத்துப் பாய்ந்தன. நான் பிரேக் பிடித்தது மூன்றாவது போன பிறகுதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ரெடோனிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். காடு வெள்ளிக்கிழமை, கால்வாய் சனியும் ஞாயிறும். மீதமிருக்கும் ஒரு நாளைத் தெற்கேயுள்ள பிரியேர் சதுப்புக்கு வைக்கலாமா? அந்தச் சதுப்பின் குறுக்கே சைக்கிளில் கடக்க முடியுமா? வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும்?

மறுமொழி 1

குறுக்கே கடக்க முடியாது. நாணற்காட்டின் நடுவுக்குப் படகுதான் வழி. 7,000 ஹெக்டேர் அளவுள்ள அந்தச் சதுப்பு, பிரெத்தாஞ் (பிரிட்டனி) கோமகன் இரண்டாம் பிரான்சுவா 1461-இல் அளித்த ஆணையின்படி, சுற்றியுள்ள 21 ஊர்களின் மக்களுக்குப் பொதுச் சொத்து. அதன் விளிம்பிலுள்ள நாணற்கூரை வீடுகளை ஒட்டிப் போகும் சிறு சாலைகளில் ஓட்டலாம், ஆனால் அங்கே கார் வரும். உங்கள் நிபந்தனை கார் கூடாது என்பதாயின், அந்த நாளை முதலிலேயே ரெடோனுக்கு மேற்கேயுள்ள கரைப்பாதையில் போய்த் திரும்பச் செலவிடுங்கள்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் வாயிலருகே ஒரு குழாய் இருக்கும், பூச்செடிகளுக்காக வைத்தது. 'நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் நடுவில் அப்பகுதியில் காலை எட்டேகால்வரை சூரியன் எழாது. முன்விளக்கை முதல் நாள் இரவே சார்ஜ் போட்டு வையுங்கள்.