சைபீரியன் பெட்டை: ஒரு ஈற்று எடுக்கலாமா, ஷோவுக்குக் கூட்டிப் போகலாமா? (ஜெர்மனி)

லைப்சிக்வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சைபீரியன் இனப் பெட்டைப் பூனை இருக்கிறது, பிரவுன் டேபி (பழுப்பில் வரிகள் போட்டது), 8 மாதம். போன வாரம் முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்து, ராத்திரி பூரா கத்தல், கீழ்வீட்டுப் பாட்டி மணியடித்து "பூனைக்கு உடம்பு சரியில்லையா" என்று கேட்டுவிட்டுப் போனார். பார்க்கிறவர்கள் எல்லாம் இதை ஷோவுக்குக் கொண்டு போங்கள், ஒரு ஈற்றாவது எடுங்கள் என்கிறார்கள். தெரிந்த ரஷ்ய நண்பர் ஒருவரிடம் சைபீரியன் கடுவன் இருக்கிறது, பார்க்க சிங்கம் மாதிரி, ஆனால் பேப்பர் (வம்சச் சான்றிதழ்) எதுவும் கிடையாது.

வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தில் "வளர்ப்புக்கு மட்டும், கருத்தடை செய்ய வேண்டும்" என்று இருக்கிறது, அது எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று தெரியவில்லை. குட்டிக்கு ஆள் தேடவே வேண்டாம், மனைவியின் ஆபீசில் அலர்ஜி உள்ள இரண்டு பேர் சைபீரியன் என்றால் தும்மல் வராதாமே என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஈற்று, பிறகு கருத்தடை. இதில் என்ன தப்பு வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டோர்ட்முண்ட் அக்கா

தம்பி, நான் சைபீரியன் வளர்த்து, பதிவு செய்து, ஷோவுக்கும் போகிற ஆள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அந்த பிரீடர் உங்களை நம்பித்தான் குட்டியைத் தந்திருக்கிறார். அதை மீறினால் அவர் வழக்குப் போடுவாரோ இல்லையோ, இந்த உலகம் சின்னது, அடுத்த பூனையை உங்களுக்கு ஒருவரும் தர மாட்டார்கள். கடுவனுக்கும் பேப்பர் இல்லை என்றால் பிறக்கிற குட்டிகளுக்கு பெடிகிரி (அதே வம்சச் சான்றிதழ்) கிடையாது, அதை சைபீரியன் என்று சொல்லி விற்பது வாங்குகிறவர் காதில் பூச்சுற்றுகிற வேலை.

பேப்பர் என்றால் வெறும் அந்தஸ்து இல்லை. அது இருந்தால்தான் பின்னால் உள்ள பூனைகளின் இதயம் எப்படி இருந்தது, யாருக்கு யார் சொந்தம் என்று பார்க்க முடியும். சைபீரியனில் நாங்கள் பயப்படுகிற பெரிய விஷயம் எச்சிஎம், இதயத்தின் சுவர் தடித்துப்போகிற நோய். வெளியில் ஒன்றும் தெரியாது, ஓடி விளையாடிக்கொண்டிருந்த பூனை திடீரென்று விழுந்து போகும், அல்லது பின்னங்கால் இரண்டும் செயலிழந்து கதறும். மெயின் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதற்கு ஜீன் டெஸ்ட் இருக்கிறது. அவை அந்தந்த இனத்தில் கண்டுபிடித்த மாற்றங்களுக்கானவை, சைபீரியனுக்கு அதை எடுத்து "நெகட்டிவ்" என்று விளம்பரம் போடுகிறவர்களைக் கண்டால் விலகிப் போங்கள். எங்களுக்கு உள்ள வழி எக்கோ ஸ்கேன்தான், அதுவும் பூனை இதயம் பார்த்துப் பழகிய கார்டியாலஜிஸ்ட் செய்ய வேண்டும். ஒரு வயதில் நல்லாக இருந்த பூனைக்கு ஐந்து வயதில் வரலாம், அதற்குள் அது நாலு ஈற்றுப் போட்டிருக்கும், ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியாது. பாபெட்ஸ் என்ற தளத்தில் சைபீரியன்களின் வம்ச விவரங்களும் ஸ்கேன் முடிவுகளும் பூனையின் பெயரோடு இருக்கின்றன. உங்கள் பெட்டையின் தாய் தகப்பன் பெயரைப் போட்டுப் பாருங்கள். நண்பருடைய சிங்கத்துக்கு எதைப் போட்டுப் பார்ப்பீர்கள்?

அடுத்தது இரத்த வகை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம். சைபீரியனில் பெரும்பாலும் ஏ வகை, ஆனால் பி-யும் உண்டு. தாய் பி, கடுவன் ஏ என்று அமைந்து குட்டி ஏ-யாகப் பிறந்தால், தாயின் சீம்பாலே அதற்கு விஷம். பிறக்கும்போது கொழுகொழு என்று இருக்கும், ஆசையாகக் குடிக்கும், ஒரு நாளில் சோர்ந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், தப்பிப் பிழைத்த குட்டிக்குச் சில நேரம் வால் நுனி கறுத்து உதிர்ந்து விழும். முன்கூட்டியே தெரிந்தால் முதல் 24 மணி நேரம் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றலாம். தெரிய வேண்டுமென்றால் இரண்டையும் முன்பே டெஸ்ட் பண்ணியிருக்க வேண்டும்.

அதோடு இன்னொன்று, இப்போது வீட்டில் கிப் ஜன்னல் (மேல் பக்கம் சாய்த்துத் திறக்கிறது) இருந்தால் உடனே மூடுங்கள். பருவத்தில் உள்ள பெட்டை வெளியே போகத் துடிக்கும், அந்த இடுக்கில் இடுப்பு மாட்டித் தொங்கினால் நரம்பு, சிறுநீரகம் எல்லாம் போய்விடும். இதை இன்றைக்கே செய்யுங்கள், மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

நுரையீரல்காரன்

அலர்ஜி பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கே பூனை அலர்ஜியும் ஆஸ்துமாவும் உண்டு, வீட்டில் சைபீரியனும் உண்டு.

தும்மலுக்குக் காரணம் முடி கிடையாது. ஃபெல் டி 1 என்கிற புரதம், பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் வருகிறது. பூனை தன்னை நக்கும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, தூசியோடு பறந்து சுவர், சோபா, உங்கள் கோட் வரைக்கும் போய்ச் சேரும். சைபீரியன்களில் சிலவற்றுக்கு இந்தப் புரதம் குறைவு என்பது உண்மை. எல்லாவற்றுக்கும் குறைவு என்பது விளம்பரம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள்கூட வேறுபடும். கருத்தடை செய்யாத கடுவனுக்குத்தான் வழக்கமாக அதிகம், ஆக நீங்கள் சொன்ன அந்தச் சிங்கத்தின் மேல் முகத்தை வைத்தால் நான் நேராக ஆஸ்பத்திரிதான்.

எங்கள் பூனையை வாங்குவதற்கு முன் அந்த பிரீடர் என்னைப் பலமுறை வரவழைத்து, நான் எடுக்கப்போகிற அந்தப் பூனையோடேயே மணிக்கணக்கில் உட்கார வைத்தார், அதுவும் கொஞ்சம் வளர்ந்த பூனை. குட்டியிடம் தும்மாதவர் அது வளர்ந்தபின் தும்மலாம். உங்கள் மனைவியின் ஆபீஸ் நண்பர்கள் "சைபீரியன்தானே" என்று நம்பி வாங்கி, நாலாவது மாதம் மூச்சிரைத்து, குட்டியை விளம்பரத்தில் போட்டால், அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள நீங்கள் தயாரா? அவர்களுக்கு முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சும்மா_ஒரு_ஆள்

டீர்ஹைம் (கைவிடப்பட்ட விலங்குகளின் காப்பகம்) எல்லாம் பூனையால் நிரம்பி வழிகிறது, இதில் பெடிகிரி என்ன, பிரீடிங் என்ன. ஒன்றைத் தத்தெடுத்துவிட்டுப் போகலாமே.

டோர்ட்முண்ட் அக்கா

நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் உடன்பாடு. அங்கே வந்து சேர்கிறவை பெரும்பாலும் கருத்தடை செய்யாமல் விட்ட வீட்டுப் பூனைகளின் குட்டிகளும், பேப்பர் இல்லாமல் "ஒரே ஒரு ஈற்று" என்று எடுத்து விற்றவையும்தான். என்னிடமிருந்து போன குட்டி எந்த வயதிலும் ஒரு வீட்டில் இருக்க முடியாமல் போனால் என்னிடம்தான் திரும்பி வர வேண்டும், அது எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சைபீரியன் யாரோ ஆய்வுக்கூடத்தில் கலந்து செய்த இனம் இல்லை, ரஷ்யாவில் தானாக உருவான பூனை. 1980-களின் கடைசியில்தான் லெனின்கிராடில் அதற்கு ஸ்டாண்டர்ட் (இனம் எப்படி இருக்க வேண்டும் என்கிற விவரம்) எழுதினார்கள். கிழக்கு ஜெர்மனிக்கு அதே காலத்தில் சோவியத்தில் எரிவாயுக் குழாய் போடப் போன தொழிலாளர்கள் சிலர் கையோடு கொண்டுவந்தார்கள் என்பது இங்குள்ள பழைய பிரீடர்கள் எல்லோரும் சொல்கிற கதை. லைப்சிக்வாசி, உங்கள் ஊர்ப் பக்கம்தான் அது. அப்படிப்பட்ட ஒன்றை ஆரோக்கியமாக, நெருங்கிய சொந்தத்துக்குள் சுற்றவிடாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் யாராவது ஒழுங்காகச் செய்யத்தான் வேண்டும். ஃபிஃபே (சர்வதேச பூனைச் சங்கங்களின் கூட்டமைப்பு) விதிப்படி ஒரு பெட்டைக்கு 24 மாதத்தில் 3 ஈற்றுக்கு மேல் கூடாது. நாங்கள் பலர் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கிறோம். லாபம் வருகிறது என்று நினைத்து வருகிறவர்கள் ஒரு அவசர சிசேரியனோடு கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

லைப்சிக்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஜன்னலை அன்றே மூடிவிட்டோம். பாபெட்ஸில் தேடினேன், தாய்க்கு ஸ்கேன் இருக்கிறது, தகப்பனுக்கு இல்லை. பிரீடரிடமே பேசினேன், கோபப்படவில்லை, பருவம் அடங்கியதும் கருத்தடை செய்து சான்றிதழை அனுப்புங்கள், பெடிகிரியை அனுப்பி வைக்கிறேன் என்றார். சரி, ஈற்று இல்லை என்று முடிவாகிவிட்டது. மனைவிக்குத்தான் ஷோ போச்சே என்று வருத்தம்.

வியன்னா மீசை

ஷோ ஏன் போகிறது? கருத்தடை செய்த பூனைகளுக்குத் தனி வகுப்பே இருக்கிறது. ஃபிஃபேயில் மற்றவை சிஏசி என்கிற தகுதிச் சான்றுகளை வாங்கி சாம்பியன் ஆவது போல, இவை சிஏபி என்கிற சான்றுகளை வாங்கி பிரீமியர் ஆகும். மூன்று வெவ்வேறு நீதிபதிகளிடம் மூன்று சிஏபி வாங்க வேண்டும். ஜெர்மனியில் ஃபிஃபேக்கு உள்ள சங்கம் 1. டிஇகேஇசட்வி, 1922-லிருந்து இருக்கிறது. பெடிகிரி கைக்கு வந்ததும் அதில் சேர்ந்து பூனையைப் பதியுங்கள். உண்மையில் இனத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது, நீதிபதி உங்கள் பூனையை மேசையில் வைத்துத் தலை முதல் வால் வரை பார்த்து எழுத்தில் அறிக்கை கொடுப்பார்.

அவர்கள் பார்ப்பது முடியை மட்டும் இல்லை. சைபீரியன் என்றால் உருண்டைதான், பீப்பாய் மாதிரி உடம்பு, கன்னம் அகலமாக ஆனால் கோணம் இல்லாமல், பெரிய கண், நுனி உருண்ட காது. மூக்குக் கோட்டில் லேசான குழிவு இருக்கும், நேர்கோடாக இறங்கினால் நார்வே காட்டுப்பூனையின் முகம் என்று எழுதிவிடுவார்கள். முழு வளர்ச்சிக்கு ஐந்து வருடம்கூட ஆகும் என்பதால், ஒரு வயதில் மெலிந்து நீளமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கோடையில் முடியைக் கொட்டிவிட்டு எலி மாதிரி நிற்கும், முதல் ஷோவைக் குளிர்காலத்தில் வையுங்கள்.

குளிப்பாட்டுவதை முந்தின நாள் செய்யாதீர்கள், மேல்முடிக்கு உள்ள இயல்பான லேசான எண்ணெய்ப் பிடிப்பு திரும்ப மூன்று நாலு நாள் வேண்டும், இல்லையென்றால் பஞ்சு மிட்டாய் மாதிரி பறக்கும். வால் அடியில் பிசுக்கு இருந்தால் அதை மட்டும் தனியாகக் கழுவுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் கொடுத்து, தூக்கி, வயிற்றைத் தாங்கி நீட்டிப் பிடித்து, காதைப் பார்க்க, வாயைப் பார்க்கப் பழக்குங்கள். நீதிபதியைக் கடித்த பூனைக்கு எவ்வளவு அழகு இருந்தும் பிரயோசனம் இல்லை. நாள் முழுக்கக் கூண்டில் இருப்பது பிடிக்காமல் மூலையில் ஒண்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால், அதற்கு ஷோ வேண்டாம், விட்டுவிடுங்கள்.

லைப்சிக்வாசி

இது தெரியாமல் போச்சே! கருத்தடை செய்தால் முடி கெட்டுவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார், அது உண்மையா?

டோர்ட்முண்ட் அக்கா

இல்லை தம்பி. ஈன்ற பெட்டைகள்தான் முடியைக் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் பரிதாபமாக நிற்கும், கருத்தடை செய்தவற்றின் முடி பெரும்பாலும் இன்னும் அடர்த்தியாக வரும். ஆபரேஷனுக்கு மழித்த வயிறு மூடச் சில மாதம் எடுக்கும், அதைக் கணக்குப் பண்ணி ஷோவுக்குப் பெயர் கொடுங்கள். சாப்பாட்டை மட்டும் அளந்து வையுங்கள், கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், நீதிபதிக்கு பீப்பாய் பிடிக்கும்தான், அதற்காகத் தொப்பை பிடிக்காது.