அப்பா பறிக்கும் பசுந்தேயிலை ஜிடிபியில் சேராதா?

கோத்தகிரி_பையன்:
பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் செமஸ்டர். எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நேற்று வகுப்பில் சார், இறுதிப் பொருளை மட்டும்தான் ஜிடிபியில் (ஒரு வருஷத்தில் நாட்டுக்குள் உற்பத்தியாவதன் மொத்த மதிப்பு) கூட்ட வேண்டும், இன்னொரு பொருளைச் செய்ய வாங்கும் இடைநிலைப் பொருளைச் சேர்த்தால் இருமுறை கணக்கிடல் ஆகிவிடும், ஃபேக்டரிக்குப் போகும் பசுந்தேயிலை அதனால் கணக்கில் வராது என்றார். அப்படியென்றால் அப்பாவும் அம்மாவும் வருஷம் முழுக்க மழையிலும் பனியிலும் பறிப்பது நாட்டு வருமானத்தில் இல்லவே இல்லையா? கேட்டதற்கு, எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். இலை விலை ஏறினால் அது வளர்ச்சியா என்பதும் புரியவில்லை. வியாழக்கிழமை இன்டர்னல்.

குன்னூர்_அக்கா:
தம்பி, சார் சொன்னது தப்பில்லை, பாதியில் விட்டுவிட்டார். இலையைத் தனியாகக் கூட்டுவதில்லை, ஏனென்றால் அதன் மதிப்பு ஏற்கெனவே தூளின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம், வரியை விட்டுவிடுவோம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ இலை வேண்டும். கிலோ 20 ரூபாய் என்றால் அப்பாவுக்கு 90. அதில் உரத்துக்கு 15 போனால் அவர் கூட்டிய மதிப்பு 75. ஃபேக்டரி அந்த 90 ரூபாய் இலையையும் 10 ரூபாய் விறகையும் வாங்கி, அரைத்துக் காய வைத்து, 120க்கு ஏலத்தில் விற்கிறது, அதன் பங்கு 20. வியாபாரி பாக்கெட் போட்டுக் கடை வழியாக 200க்கு வீட்டுக்கு விற்றால் அவர் பக்கம் 80. இப்போது கூட்டிப் பார்: உரம் 15, அப்பா 75, விறகு 10, ஃபேக்டரி 20, வியாபாரி 80. மொத்தம் 200, பாக்கெட்டின் விலையும் அதே 200. இறுதிப் பொருளை எண்ணினாலும் கூட்டிய மதிப்பை எண்ணினாலும் விடை ஒன்றுதான். இலையின் 90ஐயும் ஏலத்தின் 120ஐயும் மேலே சேர்த்தால்தான் 410 என்று ஊதிப்போகும். பரீட்சையில் இந்தப் பட்டியலைப் போடு, மார்க்கை யாரும் குறைக்க முடியாது.

கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் 75இல் ஒரு பகுதி கூலியாகப் போகும். நீங்களே பறித்தால் உழைப்பு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது, அதனால் கூலி, லாபம் என்று வருமானங்களைக் கூட்டும் வருமான முறையில் அதைக் கலப்பு வருமானம் என்று ஒரே தலைப்பில் போடுவார்கள். அம்மா பறிப்பதும் அதற்குள்தான்.

கோத்தகிரி_பையன்:
ரொம்ப நன்றி அக்கா. அம்மா சமைப்பது? வீட்டுப் பின்னால் போட்ட கேரட்டை நாங்களே சாப்பிடுவது?

குன்னூர்_அக்கா:
கேரட் உண்டு. விளைந்த பொருளை விற்காமல் சாப்பிட்டாலும் மதிப்புப் போட்டுச் சேர்ப்பார்கள். சமையல் கிடையாது, அதே சாப்பாட்டை மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் உண்டு. அநியாயம்தான். 1934இல் அமெரிக்க நாட்டு வருமானத்தைக் கணக்கிட்ட சைமன் குஸ்னெட்ஸே வீட்டு வேலையைச் சேர்க்காமல்தான் போட்டார், அந்த எண்ணை வைத்து மக்கள் நலனை அளக்க முடியாது என்றும் அதே அறிக்கையில் எழுதி வைத்தார். நாம் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

உறைபனி:
விலைக் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்களே. போன வருஷம் 6,000 கிலோ, கிலோ 20 ரூபாய், ஆக 1,20,000. இந்த வருஷம் ஜனவரிப் பனியில் செடி கருகி 5,000 கிலோதான், ஆனால் விலை 25, ஆக 1,25,000. நடப்பு விலையில் 4 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. போன வருஷ விலையிலேயே இந்த வருஷ இலையைப் பெருக்கினால் 1,00,000, அதாவது சுமார் 17 சதவீதம் சரிவு. இந்த இரண்டாவதுதான் உண்மை ஜிடிபி பேசுகிற விஷயம். 1,25,000ஐ 1,00,000ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 125, அதுதான் விலை எவ்வளவு ஏறியது என்று காட்டும் ஜிடிபி குறைப்பான். கையில் பணம் கூடியிருக்கும், மலையிலிருந்து இறங்கிய இலை குறைந்திருக்கும்.

அப்புறம் ஒன்று, இங்கே தேயிலைத் தோட்டத்தை வெளியூர்க்காரருக்கு விற்கிறார்களே, அந்த நிலத்தின் விலை ஒரு பைசா ஜிடிபியில் வராது, கைதான் மாறுகிறது. புரோக்கர் கமிஷன் வரும். அங்கே காட்டேஜ் கட்டினால் அது முதலீடாக வரும்.

டீக்கடை_ஊட்டி:
அக்கா கணக்கில் ஒரு திருத்தம். அந்த 200 ரூபாய் பாக்கெட்டை வீட்டுக்கு வாங்கினால்தான் இறுதிப் பொருள். நான் கடைக்கு வாங்கினால் அது இடைநிலை, பாலும் கேஸும் அப்படியே, நான் ஊற்றும் டீதான் இறுதி. யார், எதற்காக வாங்குகிறார் என்பதில் இருக்கிறது விஷயம்.

குன்னூர்_அக்கா:
சரிதான் அண்ணா, அதனால்தான் வீட்டுக்கு என்று போட்டேன். ஏலத்தில் விலை போகாமல் குடோனில் தங்கும் மூட்டையையும் அவன் படிக்கட்டும்: உற்பத்தியான வருஷத்திலேயே சரக்கிருப்பு மாற்றமாக முதலீட்டில் சேரும், அடுத்த வருஷம் விற்கும்போது மறுபடி எண்ணமாட்டார்கள்.