ஏற்காடு இறங்கும்போது பிரேக் பெடல் தரையோடு போனது, அரை மணி நேரத்தில் தானாகச் சரியானது. என்ன கோளாறு?

ஈரோட்டு மாப்பிள்ளை

வணக்கம். போன ஞாயிறு நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் இருந்து சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, மாமனார், மாமியார், ஆறு வயது மகள், டிக்கி நிறைய சாமான். பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒண்டிக்கடையில் கிளம்பும்போது பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பாதி மலை இறங்கியதும் பாப்பாவுக்கு வாந்தி, ஓரமாக நிறுத்தி வாய் கொப்பளிக்க வைத்து ஒரு பத்து நிமிடம் நின்றோம். திரும்ப எடுத்து அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தால், பெடல் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொட்டுவிட்டது. வண்டி பாட்டுக்குப் போகிறது. நான் "பிரேக் இல்லை" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது, மாமியார் முருகா முருகா என்று கத்த ஆரம்பித்துவிட்டார். பெடலைப் படபடவென்று மிதித்து, முதல் கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கையும் தூக்கி, கடைசியில் மலையோரச் சாக்கடையில் முன் டயரை இறக்கித்தான் நிறுத்தினேன். யாருக்கும் அடி இல்லை, பம்பர் மட்டும் உடைந்தது.

விஷயம் இனிமேல்தான். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது! நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள், முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம். எங்கும் ஆயில் ஒழுகவில்லை. சேலத்தில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போச்சு, மாற்று என்கிறார். ஈரோட்டில் இன்னொருவர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட் மாற்றினால் போதும் என்கிறார். சூட்டினால்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார், ஆனால் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவைத்த பிறகுதானே பெடல் போனது? அதுவரை நன்றாக இருந்ததே. இது எனக்குப் புரியவே இல்லை.

பழைய பட்டறை

தம்பி, முதலில் குடும்பத்தோடு பத்திரமாக வந்து சேர்ந்தீர்களே, அது போதும். பம்பர் எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

நீங்கள் புரியவில்லை என்று சொன்ன இடத்தில்தான் பதிலே இருக்கிறது. பத்து நிமிடம் நின்றதில் பிரேக் ஆறவில்லை, உள்ளே வெந்தது. ஓடும்போது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் மேல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், சூடு வெளியே போகும். நிறுத்தினால் காற்று இல்லை, டிஸ்க்கிலும் பேடிலும் இருக்கிற சூடெல்லாம் பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிபருக்குள் ஏறும், அங்கேதான் பிரேக் ஆயில் நிற்கிறது. அது கொதித்துவிட்டால் உள்ளே ஆவிக்குமிழ் வந்துவிடும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் குமிழை நசுக்குவதற்கே சரியாகப் போயிருக்கிறது, பேடைத் தள்ளுகிற பிஸ்டனுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அரை மணி நேரத்தில் ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும், பெடல் கல் மாதிரி நிற்கும். சோற்றுப் பானையை இறக்கி வைத்த பிறகும் உள்ளே கொதிக்குமே, அந்தக் கதைதான்.

ஒழுகல் என்றால் தானாகச் சரியாகாது. தவிர மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பாகம் இருக்கிறது, ஒரு லைன் வெடித்தால்கூட இன்னொன்று இரண்டு சக்கரத்தையாவது பிடிக்கும். மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பி வந்தது என்றால் என் கை முதலில் போவது ஆயிலுக்குத்தான்.

இருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரை வீட்டிலேயே சோதித்துவிடலாம், காசு செலவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். அப்படியே அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சேலத்துக்காரர் சொன்னது சரி, இல்லையென்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் ஒரு துளி உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டரும் சரி.

அப்புறம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? இறங்கும்போது எந்த கியர்? நின்றபோது கருகின வாடை வந்ததா?

ஈரோட்டு மாப்பிள்ளை

சார், இப்போதுதான் செய்து பார்த்தேன். ஒரு நிமிடம் முழுக்க அழுத்திப் பிடித்தேன், இம்மிகூட இறங்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் நீங்கள் சொன்ன மாதிரியே கொஞ்சம் உள்ளே போனது.

வாடை வந்தது. பாப்பா வாந்தி எடுத்ததே அந்த நாற்றத்தில்தானோ என்று இப்போது தோன்றுகிறது, ரப்பர் எரிகிற மாதிரி ஒரு வாடை. மாமனார் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாமா என்றுகூடக் கேட்டார்.

ஆயில்: வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகிறது, மாற்றியதே இல்லை. சர்வீஸில் குறைகிறது என்று ஊற்றி நிரப்புவார்கள். இப்போது மூடியைத் திறந்து பார்த்தேன், டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது.

கியர்... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரல். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இறக்கம்தானே மாப்பிள்ளை, நியூட்ரலில் விடுங்கள், பெட்ரோல் மிச்சம்" என்றார். அவர் முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர், நான் என்ன பேச முடியும்.

கணக்குப்பிள்ளை

நியூட்ரல் என்று படித்ததும் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன், மன்னிக்கவும், பழக்கதோஷம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. ஆள் சாமானோடு வண்டி 1,400 கிலோ என்று வைத்தால், 1,200 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 16 மெகாஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றிலும் டயரிலும் ஒரு பங்கு போகும், மீதி முழுக்க நான்கு சக்கரத்துப் பிரேக்கில்தான், அதிலும் பெரும்பங்கு முன் சக்கரம் இரண்டில். நீங்கள் பாதி மலைதான் இறங்கினீர்கள், அதற்கே இந்தப் பாடு.

மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள்: கார்பரேட்டர் காலத்தில் அவர் சொன்னதில் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால், இறக்கத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓட பெட்ரோல் குடிக்கும். ஆக, மிச்சம் பிடிக்கப்போய் பெட்ரோலும் செலவு.

சும்மா ஓட்டுபவன்

எஞ்சினை ஆப் செய்து கியரில் விட்டிருந்தால் இன்னும் நன்றாகப் பிடித்திருக்குமே?

பழைய பட்டறை

வேண்டாம். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டாலே எஞ்சின் பிடிக்கிற அளவு பிடித்துவிடும், சாவியைத் திருப்பினால் அதில் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் பூஸ்டரில் இருக்கிற வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், ஸ்டியரிங் கனத்துவிடும், பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் லாக்கே விழுந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் யோசித்துப் பாருங்கள்.

ஈரோட்டுத் தம்பி செய்ததுதான் சரி. பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பது, கியரைக் குறைப்பது, ஹேண்ட் பிரேக். அது கேபிளில் வேலை செய்வது, ஆயில் கொதித்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஒரேயடியாகத் தூக்காமல் பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். தண்ணீர் ஊற்றாமல் விட்டதும் நல்லது, கொதிக்கிற டிஸ்க்கில் ஊற்றினால் வளைந்துவிடும், விரிசலும் விடலாம்.

ஆயில் கதை இப்படி. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது. உங்கள் சர்வீஸில் செய்தது இன்னொரு தப்பு: பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஆயில் தானாக இறங்கும். அது பேடைப் பார் என்று வண்டி சொல்கிற சேதி. மேலே ஊற்றி நிரப்பினால் அந்தச் சேதியை அழித்த மாதிரி.

ஆயிலை முழுக்க மாற்றி நான்கு சக்கரத்துப் பிரேக்கிலும் ஏர் எடுங்கள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். முன் பேடைக் கழற்றிப் பாருங்கள், மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் புதிது போடுங்கள். ஈரோட்டுக்காரர் சொன்னது பாதி சரி. டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள்.

கண்டிப் பொடியன்

இங்கே இலங்கையில் நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது இதே கதை அடிக்கடி நடக்கும். கியர் மாற்றவே தெரியாமல் ஓட்டோ (ஆட்டோமேட்டிக் கியர்) வாகனத்தில் பழகின ஆட்கள், டி-யில் போட்டுவிட்டு முழு மலையையும் பிரேக்கிலேயே இறங்குவார்கள். என் அண்ணாவே அப்படித்தான், முன் சில்லில் (சக்கரத்தில்) புகை வந்து ஒரு தேயிலைக் கடை வாசலில் நின்றோம். கியர் லீவரில் எல் என்று ஒன்று இருக்கிறது, ஹைபிரிட்டில் பி என்று இருக்கும், இறக்கத்தில் எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்கத்தான் அது, எதற்கு என்று கேட்டால் "பார்க்கிங்குக்கு ஆக்கும்" என்றார். ஐந்து வருடமாக அதே காரை ஓட்டுகிறார்!

வாடிப்பட்டி டீசல்

பிரேக் பிடிக்காதது ஒரு பயம் என்றால் எஞ்சின் நிற்காதது இன்னொரு பயம். சாவியை உருவிக் கையில் வைத்திருக்கிறேன், வண்டி முழு வேகத்தில் அலறுகிறது. யாராவது நம்புவார்களா?

திண்டுக்கல்லில் இருந்து மதுரை வரும்போது நடந்தது. பழைய டீசல் வண்டி, டர்போ. இரண்டு மாதமாக எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே வந்தது, கீழே ஒரு சொட்டு இல்லை, எங்கே போகிறது என்று நானும் தேடவில்லை. வாடிப்பட்டி தாண்டியதும் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் ஏறுகிறது. கிளட்ச் மிதித்தேன், எஞ்சின் கிறீச்சிட்டது. ஓரம் கட்டிச் சாவியை அணைத்தேன், நிற்கவில்லை. பின்னால் பார்த்தால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்கள், நானும் இறங்கி ஓடத்தான் பார்த்தேன். ஒரு லாரி டிரைவர் மட்டும் எதிரே ஓடிவந்து "அஞ்சாவது போடு, பிரேக்கை அமுக்கு, கிளட்ச்சை விடு" என்று கத்தினார். விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, காதில் இன்னும் கேட்கிறது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் சீல் போய், எஞ்சின் ஆயில் காற்றுக் குழாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓடியிருக்கிறது, சாவி டீசலை நிறுத்தி என்ன பயன்? காற்று போகிற வழியைப் பலகை வைத்து அடைத்தாலும் நிற்குமாம், ஆனால் கையை வைக்கக் கூடாது என்றார் அந்த அண்ணன். அவர் பேர்கூடக் கேட்கவில்லை நான்.

மேடவாக்கம் அக்கா

எனக்கு நடந்தது மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில், அதனால் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன் பக்கம் இடது சக்கரத்தில் கட், கட் என்று ஒரு சத்தம். பக்கத்து ஷெட்டில் காட்டினேன், வண்டியைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு "லிங்க் ராடு மேடம், ஓட்டலாம்" என்றார். ஓட்டினேன். ஒரு நாள் திண்டிவனம் வரை போய் வந்தேன், நூறில். மறுநாள் காலை அபார்ட்மென்ட் கேட்டில் வளைக்கிறேன், டம் என்று ஒரு சத்தம், வண்டி முன்னால் மண்டி போட்டுவிட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்துவிட்டு, "மேடம், ஒரு டயர் கிழக்கே பாக்குது, ஒரு டயர் மேற்கே பாக்குது" என்றார்.

சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு சேர்க்கிற பால் ஜாயின்ட் கழன்றுவிட்டது. அதன் ரப்பர் கிழிந்து கிரீஸ் போய் மண் புகுந்து தேய்ந்திருக்கிறது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தால், கீழ் ஆர்முக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பியிருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று அப்புறம் பார்த்த மெக்கானிக் சொன்னார். பேரிங் போனால் உஊஊ என்று வேகத்தோடு ஏறுகிற சத்தம், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து எடுக்கும்போது டக் டக் என்றால் ஆக்சில், மேடு பள்ளத்தில் கட் கட் என்றால் கீழே ஆட்டிப் பார். இது மூன்றையும் என் மகளுக்கு சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஈரோட்டு மாப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்தது. பழைய ஆயிலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன், காபி மாதிரியே இருக்கிறது. முன் பேட் இரண்டும் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, ஓரம் வெளுத்து உதிர்கிறது. டிஸ்க் லேசாக நீலம், தடிமன் அளவுக்குள் இருக்கிறது என்று அதையே விட்டார்கள். டாட் 4 ஊற்றியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரைத் தொடவில்லை.

மாமனாரிடம் பெட்ரோல் கணக்கைச் சொன்னேன். "சரி, ஆனால் இரண்டாவது கியரில் எஞ்சின் இவ்வளவு கத்துகிறதே, அது கெட்டுப்போகாதா?" என்கிறார். என்ன பதில் சொல்வது சார்?

பழைய பட்டறை

மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை கத்தட்டும், ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது என்று வைத்துக்கொண்டால் போதும், ஜீப் ஓட்டியவருக்கு அது தெரியாமல் இருக்காது. புதுப் பேட் என்பதால் முதல் இருநூறு கிலோமீட்டர் மலை வேண்டாம். ஒரு வாரம் கழித்து டப்பா மூடியைத் திறக்காமல் வெளியே இருந்தே அளவைப் பாருங்கள், கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் நீங்களாக ஊற்றாமல் இங்கே வந்து சொல்லுங்கள்.