பேரிங் உட்காரும் இடத்துக்கு டிஜிட்டல் காலிபர் போதாதா?

டர்னிங்பையன்: 6205 பேரிங்குக்கு ஷாஃப்ட் கடைகிறேன். விட்டம் 25 மி.மீ., டிராயிங்கில் கே6 என்று, அதாவது விட்டம் எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறியீடு, போட்டிருக்கிறது. தாடையில் பிடித்துத் திரையில் அளவு பார்க்கும் டிஜிட்டல் காலிபரில் 25.01 வருகிறது. மேஸ்திரியோ திருகி அளக்கும் மைக்ரோமீட்டரில் பார்த்தால்தான் ஆச்சு என்கிறார். திரையில் நம்பர் பளிச்சென்று தெரியும்போது கோடு எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?

பழையலேத்: தம்பி, 25-க்கு கே6 என்றால் 2 மைக்ரான் (0.002 மி.மீ.) கூட இருப்பதிலிருந்து 15 மைக்ரான் கூட இருப்பது வரை. மொத்த இடமே 13 மைக்ரான். காலிபரோடு வந்த தாளை எடுத்துப் பார், பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 0.02 என்று இருக்கும். அதாவது 20 மைக்ரான். உன் 25.01 நிஜத்தில் 24.99 ஆகவும் இருக்கலாம், 25.03 ஆகவும் இருக்கலாம்.

டர்னிங்பையன்: கோடு பார்த்துப் படிக்கும் வெர்னியர் காலிபர் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அதில் ஒரு கோடே 0.02. நீங்கள் அதை வைத்துத்தானே அண்ணே காலம் தள்ளினீர்கள்?

பழையலேத்: வெர்னியரை யாரப்பா சொன்னது? எந்தக் காலிபரிலும் ஸ்கேல் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். கொஞ்சம் அழுத்தினால் நகரும் தாடை சாயும், நுனியில் பிடித்தால் இன்னும் சாயும். மைக்ரோமீட்டரில் அளக்கும் திருகு, பொருள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும். அதன் முனையில் இருக்கும் ராட்செட் குமிழ் கடகடத்ததும் நிறுத்து, உன் கையானாலும் என் கையானாலும் அழுத்தம் ஒன்றுதான்.

டர்னிங்பையன்: சரி, பேரிங் இடத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மற்ற நீளம், துளை எல்லாவற்றுக்கும் காலிபர்தான்.

க்யூசிரூம்: சூட்டை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். அளவுகளுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 50 டிகிரிச் சூட்டில் அந்த ஷாஃப்ட் ஏறக்குறைய 9 மைக்ரான் பெரிதாகத் தெரியும். 13-இல் 9 அங்கேயே போச்சு.

டர்னிங்பையன்: தகரக் கொட்டகையில் மே மாதம் 20 டிகிரிக்கு எங்கே போவது?

க்யூசிரூம்: போக வேண்டாம். 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர், ஜீரோ சரிபார்க்க அதோடு வந்த 25 மி.மீ. செட்டிங் ராடு, ஷாஃப்ட், மூன்றையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் போட்டு வை. எல்லாம் எஃகு, விரிந்தாலும் ஒன்றாக விரியும். ராடில் ஜீரோ பார்த்துவிட்டு அள.

டர்னிங்பையன்: அளந்தாயிற்று. ஜீரோவுக்கு 6 மைக்ரான் கீழே நிற்கிறது. இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லை.