பழைய ஐ7, புதிய ஐ3: உங்கள் கையில் எப்படி ஓடியது? (அனுபவப் பகிர்வு)

எட்டு வருடமாக என் மேசையில் ஓடியது கோர் ஐ7-4790கே. 2014 ஜூனில் வந்த இன்டெல் பிராசசர், கணினியின் மூளை. நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைச் சரங்கள்), 4.0 கிகாஹெர்ட்ஸ், வேலை வந்தால் தானே 4.4 வரை ஏறும். நான் அதை ஓவர்கிளாக் செய்து, அதாவது நிறுவனம் வைத்த வேகத்தைத் தாண்டி, 4.7-இல் ஓட்டி வைத்திருந்தேன். அதைக் கழற்றிவிட்டு கோர் ஐ3-12100 போட்டு மூன்று மாதம் ஆகிறது. "ஐ7-ஐ விட்டுவிட்டு ஐ3-க்கா போவது?" என்ற தயக்கம் என்னை ஒரு வருடம் கட்டிப்போட்டது; ஐ7 மேல்தட்டு வரிசை, ஐ3 கீழ்த்தட்டு வரிசை ஆயிற்றே. அதே தயக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஐ3-யிலும் நான்கு கோர், எட்டு திரெட்தான். அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.3. எண்ணை வைத்துப் பார்த்தால் பழையதுதான் மேல். ஆனால் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையை ஓட்டியபோது ஒற்றைக் கோரில் ஐ7, ஓவர்கிளாக் இல்லாமல், 1,100 புள்ளியை ஒட்டி நின்றது. ஐ3 1,650-ஐத் தாண்டியது. நான் ஓவர்கிளாக்கில் பிழிந்தெடுத்த அந்தக் கூடுதல் 300 மெகாஹெர்ட்ஸ் இந்த இடைவெளிக்கு எந்த மூலைக்கு?

அளவுகோலை விடுங்கள், அன்றாட வேலைக்கு வருகிறேன். கேமராவில் எடுத்த 300 ரா படங்களை (கேமரா பதிந்தபடியே இருக்கும் கோப்புகள்) ஜேபெக்காக மாற்றி எடுப்பது என் வழக்கமான வேலை. பழையதில் 21 நிமிடம் ஆகும், புதியதில் 12 நிமிடம். விளையாட்டில் சராசரி ஃபிரேம் பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டு அதே பழைய கார்டுதான். ஆனால் நெரிசலான தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போது படம் ஒரு கணம் நின்று துள்ளும் பாருங்கள், அது போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிது.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. என் கேமரா எடுப்பது 10 பிட் எச்.265 வீடியோ (வீடியோவைச் சுருக்கிப் பதியும் ஒரு வடிவம்). 4790கே-யின் உள் கிராபிக்ஸுக்கு அதைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று கிடையாது, என் பழைய கார்டுக்கும் கிடையாது. அதனால் நான்கு கோரும் மூச்சு வாங்கும், ஃபேன் அலறும், படம் தட்டுத் தடுமாறி நகரும். 12100-இன் உள் கிராபிக்ஸ் யுஎச்டி 730 அதை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. ஏவி1 என்ற இன்னொரு வடிவ வீடியோவும் அப்படியே. ஆனால் கவனம்: பெயரின் கடைசியில் எஃப் இருக்கும் 12100எஃப்-இல் இந்த உள் கிராபிக்ஸே இல்லை. என்னைப் போல வீடியோ வேலை இருப்பவர்கள் அந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சிரமப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த பெரிய டவர் கூலர் புது மதர்போர்டில் உட்காரவில்லை. பழைய சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) கூலர் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், 12100 உட்காரும் எல்ஜிஏ1700-இல் 78. மூன்றே மில்லிமீட்டர்தான், ஆனால் திருகு இறங்காது. தனியாகப் பிடிமானச் சட்டம் வாங்கும் வரை பெட்டியோடு வந்த சின்னக் கூலரில்தான் ஓட்டினேன்.

உங்களில் யாராவது இப்படி மாறியிருக்கிறீர்களா? மாறாமல் பழையதையே வைத்திருப்பவர்களும் எழுதுங்கள்.

* * *

நான் மாறாதவன், சகோ. என்னிடம் இருப்பது ஐ7-5960எக்ஸ். 2014 ஆகஸ்ட். எட்டு கோர், 16 திரெட், 140 வாட். தம்பி புதிதாக ஐ3-12100 போட்டபோது இரண்டையும் அருகருகே வைத்து ஒரே முப்பரிமாணக் காட்சியை ரெண்டர் செய்ய விட்டோம். ஓவர்கிளாக் எதுவும் இல்லை. எட்டு கோர் எங்கே, நான்கு கோர் எங்கே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தன. என் பெட்டியின் பின்னால் கையை வைத்தால் அனல். தம்பியின் பெட்டி வெதுவெதுப்போடு சரி.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் மாற்றவில்லை, அதற்குக் காரணம் உண்டு. 5960எக்ஸ்-இலிருந்து நேரடியாக 40 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (கார்டுகளுக்குத் தரவு போய் வரும் பாதைகள்) வருகின்றன. 12100-இல் பிராசசரிலிருந்து வருவது 20. என் கணினியில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு, ஒரு வீடியோ கேப்சர் கார்டு, ஒரு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு. இவற்றை அந்தச் சின்னப் போர்டில் எங்கே செருகுவது? ரேமும் நான்கு சேனல், அதாவது நான்கு பாதை. டிடிஆர்4-2133 என்ற பழைய வேகத்திலும் நொடிக்கு 68 கிகாபைட் வரை போகும். 12100-இல் டிடிஆர்4-3200 போட்டால் இரண்டு சேனலில் உச்சம் 51.2. ஐந்தாறு மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) ஒன்றாகத் திறந்து வைத்து வேலை செய்யும் எனக்கு அந்த 16 திரெட்டும் எட்டு ரேம் ஸ்லாட்டும் இன்றைக்கும் சோறு போடுகின்றன. மேல்தட்டு பிராசசர் என்று அன்றைக்குக் கொடுத்த காசு வேகத்துக்கு மட்டும் இல்லை, இந்த வாசல்களுக்கும் சேர்த்துத்தான்.

* * *

ஒரே கிகாஹெர்ட்ஸில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யாரும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நிரல் எழுதுவது என் தொழில். 4790கே-யில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு, போன ஆண்டுதான் 12100எஃப்-க்கு வந்தேன்.

கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்று மட்டும்தான் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்று சொல்லாது. வரும் கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே செய்யாமல், எது தயாரோ அதை முதலில் செய்ய பிராசசர் ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கும். 4790கே-யில் அந்தப் பட்டியலில் 192 கட்டளைக்கு இடம். 12100-இல் 512. ஒரு தரவு ரேமிலிருந்து வரத் தாமதமானால், பழையது சீக்கிரமே கையைக் கட்டி நின்றுவிடும். புதியது இன்னும் நூற்றுக்கணக்கான கட்டளைகள் தள்ளிப் போய்ச் செய்யக்கூடிய வேலையைத் தேடி எடுத்துக்கொள்ளும். கோர் ஒன்றுக்கு இரண்டாம் நிலை கேஷ் (தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சிறு நினைவகம்) 256 கிலோபைட்டாக இருந்தது 1.25 மெகாபைட் ஆகிவிட்டது. மூன்றாம் நிலை 8-இலிருந்து 12 மெகாபைட். ரேம் வரை ஓட வேண்டிய தடவைகள் அந்த அளவுக்குக் குறைகின்றன.

2018 ஜனவரியில் வெளியே வந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்ட்டவுனைப் பழைய பிராசசர்களில் மென்பொருளால்தான் அடைக்க முடிந்தது. அதனால் நிரல் இயங்குதளத்திடம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் வேலை. 12100-இல் அது சிலிக்கானிலேயே சரிசெய்யப்பட்டு வந்தது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் திறந்து மூடும் கம்பைல் வேலையில் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) அந்தச் சில்லறை சேர்ந்து பெருந்தொகை ஆகிறது. தேநீர் போட்டு வரும் நேரம் பிடித்த கம்பைல், இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே முடிகிறது.

* * *

நான் இன்னும் ஒரு படி பின்னால். ஐ7-2600கே, 2011. வேகம் எனக்குப் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் போன மாதம் நிறுவிய ஒரு மென்பொருள், ஏவிஎக்ஸ்2 இல்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்துவிட்டது. அந்தக் கட்டளைத் தொகுதி 2013-இல் இன்டெலின் நான்காம் தலைமுறை பிராசசர்களோடு வந்தது, என்னுடையதில் இல்லை. வேகம் குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கதவே திறக்காவிட்டால் என்ன செய்வது?

* * *

பழைய பிராசசரை வைத்துக்கொண்டு கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு என் அனுபவம். ஐ7-7700கே வைத்திருக்கிறேன். 2022-இல் வந்த விலை குறைந்த கார்டு ஒன்றை வாங்கிச் செருகினேன். இருக்க வேண்டிய ஃபிரேம் வரவில்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், பயாஸ் புதுப்பித்தேன், இரண்டு இரவு போனது. பிறகுதான் புரிந்தது: அந்தக் கார்டு பயன்படுத்துவது நான்கே லேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-இல் நான்கு லேனில் நொடிக்கு ஏறக்குறைய 8 கிகாபைட் போகும். என் போர்டு 3.0, அதில் பாதிதான். கார்டின் சொந்த நினைவகம் நிரம்பியதும் ரேமை நாடுகிறது, பாதை குறுகல், படம் திக்குகிறது. அதே கார்டு நண்பரின் 12100-இல் துளி திக்கல் இல்லாமல் ஓடியது. வாங்கும் முன் எத்தனை லேன் என்று பாருங்கள். 16 லேன் கார்டு என்றால் பழைய போர்டிலும் இவ்வளவு அடி விழாது.

* * *

முதலில் எழுதியவன்தான். 5960எக்ஸ் அண்ணா, நீங்கள் மாற்றாதது சரிதான். லேன் கணக்கை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை, என் கணினியில் இருப்பது ஒரே கார்டு. கட்டளைப் பட்டியல் பற்றி எழுதியவருக்கு நன்றி. ரா படங்களில் ஏன் இவ்வளவு வேகம் என்று எனக்கு இப்போதுதான் பிடிபட்டது.

உங்கள் பேச்சைப் படித்த பிறகு, அலமாரியில் வைத்திருந்த 4790கே-யை மறுபடி எடுத்தேன். கூலரைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, விரலால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. துடைத்துப் புதிதாகப் பூசினேன். ஓவர்கிளாக்கையும் எடுத்துவிட்டேன். முழுச் சுமையில் 90 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது இப்போது 72-இல் நிற்கிறது. விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் லினக்ஸ் போட்டு, நான்கு ஹார்டு டிஸ்கை மாட்டி, வீட்டுப் படங்களையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இரவு முழுக்கச் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. இந்த வேலைக்கு அதன் நான்கு கோரில் ஒன்றுகூட வியர்க்கவில்லை.