ரப்பி (யூத மதகுரு), பாஸ்டர், இமாம் ஒரே மேசையில்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

எங்கோ நடக்கும் போருக்கு, இங்கே உட்கார்ந்திருக்கும் யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் கூடி என்ன கிழித்துவிட முடியும் என்று என் மைத்துனர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டதற்கு மேல் ஏதாவது நடந்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சிகாகோ பக்கம் இருப்பவர்:

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சினகாக் (யூதர்களின் வழிபாட்டுக்கூடம்), ஒரு மெதடிஸ்ட் சர்ச், ஒரு பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர்கள் ‘பேரன்ட்ஸ் சர்க்கிள்’ அமைப்பைச் சேர்ந்த இரண்டு அப்பாக்கள். ஒருவர் இஸ்ரேலியர், ஒருவர் பாலஸ்தீனர். இஸ்ரேல்-பாலஸ்தீனச் சண்டையில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். 1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்ற ஓர் இளம் சிப்பாயின் தந்தை யிட்ஸாக் ஃபிராங்கென்தால் அடுத்த ஆண்டே தொடங்கிய அமைப்பு அது. இன்று இரு தரப்பிலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

அவர்கள் பேசும்போது ஹாலில் யாரும் இருமக்கூட இல்லை. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அதற்கு முன்னால் நடந்த ஏற்பாட்டுக் கூட்டம்தான். நாற்காலி போடப் பேர் கொடுத்திருந்ததால் அதிலும் உட்கார்ந்திருந்தேன். கொடி விஷயத்திலேயே பாதி நேரம் போயிற்று. அந்த சினகாக்கின் மேடையில் எப்போதும் இஸ்ரேல் கொடி நிற்கும். அதை எடுத்தால் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார் சினகாக் செயலாளர் அம்மா. இருந்தால் எங்கள் ஆட்கள் வாசல்படியே மிதிக்க மாட்டார்கள் என்றார் பள்ளிவாசல் கமிட்டிக்காரர். பாஸ்டர் பாவம், இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மேடையே வேண்டாம் என்று கீழ்த்தளத்து ஹாலுக்குக் கூட்டத்தை மாற்றினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், சுற்றிக்கொண்டு போனார்கள். அதுவும் ஒரு திறமைதானே.

அடுத்தது கூட்டறிக்கை. யாரை முதலில் கண்டிப்பது என்பதில் முட்டிக்கொண்டு நின்று, வராமலே போயிற்று. ஆனால் வசூலாகும் பணத்தை யாருக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்ததும் சட்டென்று முடிந்துவிட்டது. ‘ரோட் டு ரெக்கவரி’ என்று ஓர் இஸ்ரேலியத் தொண்டு அமைப்பு. பாலஸ்தீன நோயாளிகளை, பெரும்பாலும் குழந்தைகளை, சோதனைச் சாவடியில் ஏற்றிக்கொண்டு தங்கள் சொந்தக் காரிலேயே இஸ்ரேல் மருத்துவமனைகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். இதைத் தொடங்கிய யுவால் ரோத்தின் சகோதரர் 1993இல் ஹமாஸால் கொல்லப்பட்டவர். அந்த இழப்புக்குப் பிறகு யுவால் பேரன்ட்ஸ் சர்க்கிளில் சேர்ந்தார். அங்கே பழக்கமான ஒரு பாலஸ்தீனர், என் தம்பியை ஹைஃபா மருத்துவமனை வரை கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறார். அப்படித் தொடங்கியது 2010இல் ஓர் அமைப்பாகவே ஆனது. கீமோவுக்குப் போகும் பிள்ளையின் பெட்ரோல் செலவுக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? செயலாளர் அம்மாவும் கமிட்டிக்காரரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். அறிக்கைக்கு உட்காராதீர்கள், வேலைக்கு உட்காருங்கள் என்பேன் நான்.

வியன்னாவில் இருப்பவர்:

வேலை விஷயமாக போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ போனபோது, மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சினகாக்கைப் பார்க்கப் போனேன். 1892இல் தொடங்கிய ‘லா பெனெவோலென்ஸியா’ என்ற யூதத் தொண்டு சங்கம் முற்றுகைக் காலத்தில் எப்படி ஓடியது என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். 1992இலிருந்து ஏறக்குறைய நாலு வருடம் நகரமே சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தது. செர்பியரும் குரோட்டுகளும் போஸ்னிய முஸ்லிம்களும் மோதிக்கொண்ட சண்டையில் யூதர்கள் எந்தப் பக்கமும் இல்லை. அதனால் எந்தப் பக்கத்துச் சாவடியிலும் அவர்களால் போய்ப் பேச முடிந்திருக்கிறது. வெளிநாட்டு யூத அமைப்புகள் அனுப்பிய பணத்திலும் மருந்திலும் இலவச மருந்துக்கடையும் கஞ்சித் தொட்டியும் நடத்தினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். வரிசையில் நின்றவர்களும் அப்படித்தான்.

பெரியவரின் அம்மா முஸ்லிம், அந்தச் சமையல்கட்டில் காய் நறுக்கியவர். “மதம் யாரும் கேட்கவில்லை. பாத்திரம் கொண்டுவந்தாயா என்றுதான் கேட்டார்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

டொராண்டோவில் இருப்பவர்:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் குழு, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒவ்வொருவராக வாட்ஸப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறினார்கள். “நீங்கள் ஏன் ஒன்றும் எழுதவில்லை?” என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள், இரண்டு பக்கமும் பதில் இல்லை.

இன்னொன்று. மேலே சொன்ன ரோட் டு ரெக்கவரிக்காகக் கார் ஓட்டியவர்களில் ஒருவர் விவியன் சில்வர். எங்கள் வினிபெக்கில் பிறந்தவர். 2014இல் தொடங்கிய ‘விமன் வேஜ் பீஸ்’ இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். அந்தத் தாக்குதல் நடந்த அக்டோபர் 7 அன்று பேரி கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு) இருந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார். 74 வயது. அவருடைய மகன் யோனத்தான் அதற்குப் பிறகு அம்மாவின் வேலையையே கையில் எடுத்துக்கொண்டார். அவரால் முடிந்தது, பத்திரமாக வீட்டில் உட்கார்ந்திருந்த எங்களால் ஏன் முடியவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வர்ஜீனியாவில் இருப்பவர்:

டொராண்டோ நண்பருக்கு: எங்கள் குழுவிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து வைத்திருந்தது ஒரு சட்டம்தான். வட அயர்லாந்துச் சமாதானத்துக்கு 1986இல் ஒரு சர்வதேச நிதி தொடங்கினார்கள் அல்லவா, அதை முன்மாதிரியாக வைத்து, இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 25 கோடி டாலர் என்று 2020 டிசம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த நீட்டா லோவியின் பெயர் வைத்த சட்டம். அது வருவதற்கு முன் எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ரப்பி, இமாம், பாஸ்டர் மூவரோடும் நான் போனேன். ஒரு தரப்பு மட்டும் போனால், அங்கிருக்கும் உதவியாளருக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பது முன்னாலேயே தெரியும். மூன்று பேரும் ஒன்றாக நுழைந்ததும் அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். அதற்காகத்தான் சேர்ந்து போவது.

2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டைக் கலைத்ததும் அந்த நிதியில் நடந்த பல வேலைகள் நின்றுபோயின. மறுபடியும் போக வேண்டும். பாஸ்டருக்கு மாற்றலாகிவிட்டது, புதிதாக வந்திருப்பவரிடம் இன்னும் பேசவில்லை. ரப்பியும் இமாமும் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.